பூஜ்யம் தாங்கும் பம்பு

மும்பை ஆண்டாப் ஹில் ‘ஆனந்த் சரோவர்’ கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு வந்து இறங்கி ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. கீழே மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மரப்பெட்டிக்குள் அது நின்றுகொண்டிருந்தது. குழாய் தயார், கரண்ட் தயார், மொட்டைமாடித் தொட்டியும் தயார். பம்பைப் பொருத்தாததற்கு ஒரே காரணம், அது இன்னும் கம்ப்யூட்டரில் பிறக்கவில்லை என்பதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடிசைகளை இடித்துக் கட்டுகிற இந்த மாடி வீடுகளுக்கு, செங்கல் வைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் ஒரு முழுக் கட்டடத்தை எழுப்பிவிடுகிறார்கள். அதை மாடல் என்பார்கள். அதற்குள் கதவு, கக்கூஸ், மோட்டார் எல்லாம் தனித்தனி உருப்படிகள். தொழிலில் அப்படிப்பட்ட ஓர் உருப்படிக்கு ‘ஃபேமிலி’ என்று பெயர். நீளம், அகலம், உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தில் எண்ணை மாற்றினால் உருப்படி தானாக நீளும், குறுகும். பத்து அளவுப் பம்புக்குப் பத்துப் படம் வரைய வேண்டாம், ஒன்றே போதும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் நல்ல ஏற்பாடு எதையும் நம்மவர்கள் சும்மா விடுவதில்லை. அதற்கு ஒரு மையம் திறந்து, ஒரு டைரக்டரை உட்கார வைத்துவிடுவார்கள்.

அப்படித்தான் செம்பூரில், கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடத்தில் ‘நெகிழ் உருப்படி அங்கீகார மையம்’ உதித்தது. மாடலில் உள்ள ஒவ்வோர் உருப்படியும் நன்றாக நெகிழ்கிறதா என்று இந்த மையம் சோதிக்கும். மையம் தலையாட்டினால்தான் நிஜமான பொருளைக் கட்டடத்தில் பொருத்தலாம். மாடலில் இருப்பது சைட்டில் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும், மாடலில் இல்லாதது சைட்டிலும் இருக்கக் கூடாது. இது மையத்தின் முதல் விதி. வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனந்த் சரோவரின் பம்பை மாடலில் செய்கிற வேலை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடைகளுக்கு மேலே இருந்த ஒரு சின்ன ஆபீசுக்கு வந்தது. ஆபீஸ் சாஜனுடையது. வேலை செய்தவள் மாரிசெல்வி. தாராவியில் பிறந்து, சயானில் ஒரு கிளாஸில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவள். இப்போது அம்மா சண்முகவடிவோடு அதே ஆனந்த் சரோவரில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். சரோவர் என்றால் ஏரி. ஏழாவது மாடிக்கு அந்த ஏரியிலிருந்து சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

“எம் மவ ஆபீஸ்ல ஃபேமிலி செய்யுதாளாம். ஒருத்தனைக் கட்டி நெசத்துல ஒரு ஃபேமிலி பண்ணுட்டின்னா மட்டும் டயம் இல்லங்கா” என்று சண்முகவடிவு மாடிப்படியில் எதிர்ப்படுகிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் கையில் தண்ணீர் கேன் இருக்கும்.

லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்டில் தண்ணீர் கொண்டுபோனால் சிந்தும், சிந்தினால் கரண்ட் பிடிக்கும் என்று கட்டடச் சங்கத்தார் தடை போட்டிருந்தார்கள். ஆக, மனிதர்கள் லிஃப்டில் போகலாம், தண்ணீர் படியில்தான் ஏற வேண்டும். தண்ணீருக்குக் கால் கிடையாது என்பதால் யாராவது கூடவே ஏற வேண்டியிருந்தது. சண்முகவடிவுக்கு முழங்கால் தேய்ந்துபோய், படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாரிசெல்வி வேலைக்குப் போகும் முன் கீழ்க் குழாயில் பிடித்து நிரப்பி வைக்கிற தண்ணீர் மத்தியானத்தோடு தீரும். அப்புறம் அம்மா கேனை எடுப்பாள். எடுத்தாயா என்று கேட்டால் இல்லை என்று பொய் சொல்வாள்.

அந்தப் பம்பு ஓடினால் அம்மாவின் கால் பிழைக்கும். மாரிசெல்வி இதுவரை எத்தனையோ உருப்படி செய்திருக்கிறாள், எதையும் இவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை. பம்பின் காலில் உள்ள போல்ட் வரைக்கும் அளந்து வரைந்திருந்தாள்.

முதல் விசாரணைக்குச் சாஜனும் அவளும் செம்பூருக்குப் போனார்கள். மையத்தில் எதையும் தொடங்கும் முன் உறுதிமொழி உண்டு. எல்லோரும் எழுந்து நின்று, வலது கையை மவுஸின் மேல் வைத்துச் சொல்ல வேண்டும். மவுஸ் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கைமேல் வைத்துக்கொள்ளலாம்.

“நீளச் சொன்னால் நீளுவோம். குறுகச் சொன்னால் குறுகுவோம். ஒருபோதும் பிழை காட்டமாட்டோம்.”

உருப்படிகளுக்காக எழுதிய உறுதிமொழியை ஊழியர்கள் எதற்குச் சொல்கிறார்கள் என்று மாரிசெல்விக்கு அன்று புரியவில்லை. பிறகு புரிந்தது.

டைரக்டர் வானமாமலை மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்காரர். ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் ரிட்டயர் ஆகி, ஓய்வு பிடிக்காமல் இங்கே வந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை அவர் தொடுவதில்லை. நீதிபதி கையில் கத்தி இருக்கலாமா என்று கேட்பார். தொடுகிற வேலையெல்லாம் உதவி டைரக்டர் சாதனாவுக்கு. அவளும் மாட்டுங்காதான். பேச ஆரம்பித்தால் தமிழில் கிளம்பி ஹிந்தியில் போய் இறங்குவாள்.

சாதனா பம்பின் நீளத்தை இரண்டு மடங்காக்கினாள். பம்பு நீண்டது. பத்து மடங்காக்கினாள். பம்பு அறைச் சுவரைத் தாண்டி வெளியே வந்தது. இன்னும் இரண்டு சைபர் சேர்த்தாள். பம்பு ஆண்டாப் ஹில்லை விட்டுக் கிளம்பிவிட்டது. அதன் தலை மான்குர்த் பக்கம் எங்கோ போயிருக்க வேண்டும், திரையில் இடம் இல்லாததால் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் சாதனா நீளத்தில் வெறும் பூஜ்யத்தைப் போட்டாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: உருவாக்க இயலவில்லை.

“பூஜ்யம் தாங்கலையே” என்றார் வானமாமலை, துக்கம் விசாரிக்கிற குரலில்.

“சார், நீளமே இல்லாம ஒரு பம்பு இருக்காதுல்லா சார்?” என்றாள் மாரிசெல்வி.

“இருக்காதுன்னு நீ எப்படிச் சொல்றே? இன்னிக்கு இல்லே, சரி. நாளைக்கு ஒருத்தன் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தா? அப்போ இந்த மையம் முழிச்சுண்டு நிக்கணுமா?”

“வாங்கி வச்சிருக்கிற பம்பு ஒரே சைஸ்தான் சார். அது நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. பெட்டிக்குள்ள நிக்குது.”

“அது அந்தப் பம்போட குறை. இரும்பிலே பண்ணினா அப்படித்தான் விறைச்சுண்டு இருக்கும். இந்தாம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நான் இதுவரைக்கும் ஒரு பம்பைக் கிட்டக்கப் போய்ப் பார்த்தது கிடையாது. பார்த்துட்டா மனசு அது பக்கம் சாஞ்சுடும். அப்புறம் எப்படி நியாயமா நடந்துக்கறது?”

மறு விசாரணைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் சாஜன், “மாரி, டென்ஷன் ஆகாத. கேட்டதப் போட்டுக் குடுத்திரு. கேள்வி கேட்டா இன்னொரு ஹியரிங் வைப்பாங்க” என்றார். அவர் இந்த மையத்தோடு பழகியவர்.

மாரிசெல்வி பம்புக்கு மறையக் கற்றுக்கொடுத்தாள். எந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாலும் அந்தக் கட்டம் ஆளுகிற பாகம் திரையிலிருந்து காணாமல் போய்விடும், பிழை வராது. இரண்டாம் விசாரணையில் சாதனா பூஜ்யம் போட்டதும் பம்பு முழுவதும் மறைந்து திரை வெறுமையாயிற்று. வானமாமலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லாத திரையை நெடுநேரம் ரசித்துப் பார்த்தார். இத்தனை சுத்தமான வேலையைத் தன் பதவிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். சாதனா ஒரு சுற்றறிக்கையை எடுத்தாள்.

“லேகின் இப்ப புது ரூல் வந்திருக்கு. இனிமே ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி ஃபேமிலி நஹி. ஒரே ஃபேமிலி, டிக் மாத்தினா எல்லா மெஷினும் அதுக்குள்ளயே வரணும். ஃபேன், ஃப்ரிட்ஜ், கிரைண்டர், சப் குச்.”

“இது தண்ணி ஏத்துற பம்பு மேடம்.”

“அதுதாம்மா பிரச்னையே” என்றார் வானமாமலை. “தண்ணி மட்டும் ஏத்தறது. ஒரே வேலை. நான் சர்வீஸ் பூரா ஒரே நாற்காலியிலேதான் உக்காந்திருந்தேன், ஒரே காகிதத்திலேதான் கையெழுத்துப் போட்டேன். ஆனா டெசிக்னேஷன் எத்தனை தரம் மாறித்து தெரியுமா? ஒவ்வொரு தரமும் நான் அப்படியே மாறிக் குடுத்தேன். அதுக்குப் பேர்தான் ஃப்ளெக்ஸிபிலிட்டி. ஒரு மனுஷனாலே முடியறது பம்பாலே முடியாதா?”

சுற்றியிருந்தவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு வடை வந்தது.

மாரிசெல்வி மறுபடி உட்கார்ந்தாள். மின்விசிறி என்று டிக் போட்டால் பம்பின் தலையில் மூன்று இறக்கை முளைத்தது. ஃப்ரிட்ஜ் என்று போட்டால் வயிற்றில் கதவு திறந்தது. ஃபைல் ஊதிப்போய், திறப்பதற்குள் கீழே பூக்கடையில் ஒரு கூடை மாலை கட்டிமுடித்துவிடுவார்கள். கிரைண்டருக்கான டிக்கைச் சேர்த்துக்கொண்டிருந்த மத்தியானம் நயினார் போன் செய்தார். நயினார் ஆனந்த் சரோவரின் பம்ப் ஆபரேட்டர். பம்பு ஓடாததால், அது இருக்கிற மரப்பெட்டிமேல் உட்கார்ந்து அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, பதறாத. அம்ம மாடிப்படில விழுந்துட்டா. கேன் உருண்டு கீழ வந்துட்டு, அதப் பாத்துதான் நான் ஓடுனேன். முட்டி வீங்கியிருக்கு. லிஃப்ட்ல தூக்கி மேல கொண்டாந்து படுக்கப் போட்டிருக்கோம். நீ ஜல்தி வா.”

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரும்பில் செய்த பம்பு கீழே சும்மா நிற்கிறது. அவள் இங்கே உட்கார்ந்து அதன் படத்துக்கு மாவாட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா விழுந்ததற்கு அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் யாரும் ஒரு வடையைக் குறைத்துத் தின்னப்போவதில்லை.

வீட்டில் சண்முகவடிவு காலை நீட்டித் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

“கேனை எடுக்காதன்னு சொன்னேன்லா.”

“ரெண்டு துணி கெடந்துச்சுட்டி. அலசிப் போட்டுருவோம்னு பாத்தேன். அத விடு, ஒம் பம்பு என்னாச்சு?”

“மாவாட்டுதும்மா.”

“தண்ணி ஏத்துமா?”

“தெரியலம்மா. அத யாரும் கேக்கவே இல்ல.”

சண்முகவடிவு மகளின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இருந்த ஒரு சொம்புத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்றாம் விசாரணையில் பம்பு எல்லாமாகவும் ஆயிற்று. விசிறியாகச் சுற்றியது, ஃப்ரிட்ஜாகத் திறந்தது, கிரைண்டராகச் சாய்ந்தது, கடைசியில் பூஜ்யமாகி மறைந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த வானமாமலை, திரையைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். பம்பைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு பெட்டி, வெறும் கோடுகளாகத் தெரிந்தது.

“இது என்னது?”

“ஆள் நிக்கிற இடம் சார். பம்பைச் சுத்தி இவ்வளவு தூரம் காலியா இருக்கணும். அப்பதான் சுவிட்ச் போட, ரிப்பேர் பார்க்க ஆபரேட்டர் உள்ள போக முடியும். வேற எதையும் கொண்டாந்து அடைச்சிரக் கூடாதுன்னு கோடு போட்டுக் காட்டுறது. எல்லா ஃபேமிலியிலும் இருக்கும் சார்.”

“உள்ளே என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார். காலி.”

“ஒண்ணுமில்லாததை நான் எப்படிம்மா அங்கீகாரம் பண்றது? நாளைக்கு ஆடிட்லே, வானமாமலை எதுக்குக் கையெழுத்துப் போட்டான்னு கேட்டா, ஒண்ணுமில்லாததுக்குன்னா சொல்றது?”

சாதனாவுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு வடிவமும் எந்தப் பொருளால் ஆனது என்று குறிக்காமல் மையத்தின் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அந்தப் பட்டியலில் இரும்பு இருந்தது, மரம், தகரம், பளிங்கு எல்லாம் இருந்தன. காற்று இல்லை. மும்பையில் காலியிடம் என்று ஒன்று இருக்கும் என்பது பட்டியல் போட்டவருக்குத் தோன்றியிருக்காது.

“ஃபர்ஸ்ட்ல செங்கல் இருக்கு. அபீ கே லியே, இப்போதைக்கு, அதையே போட்டுடலாமா சார்?”

“போடுங்கோ. பின்னாடி திருத்திக்கலாம்.”

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். சாஜன் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தார். அவளுக்கு அம்மாவின் வீங்கிய முட்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஆள் நிற்கும் இடம் செங்கல் என்று குறிக்கப்பட்டு, பம்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. அத்தனை பேரும் எழுந்து நின்று உறுதிமொழியை இன்னொரு முறை சொன்னார்கள்.

அவள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் காண்ட்ராக்டர் பம்பைப் பொருத்திவிட்டார். அங்கீகாரம் பெற்ற மாடலைத் திறந்து பார்த்திருக்கிறார். பம்பு, அதைச் சுற்றி நாலு பக்கமும் மேலேயும் செங்கல். அப்படியே கட்டிவிட்டார். சந்து பொந்து இல்லாமல் கட்டி, பூசி, வெள்ளையும் அடித்திருந்தார். சுவிட்ச் உள்ளே இருந்தது.

“அண்ணாச்சி, பம்பு எங்க?” என்றாள் மாரிசெல்வி.

“இதுக்குள்ளதான்ட்டி இருக்கு. சமாதி கட்டிட்டாவ” என்றார் நயினார். உட்கார்ந்திருந்த மரப்பெட்டியும் போய்விட்டதால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

காண்ட்ராக்டரிடம் கேட்டாள். மாடலில் செங்கல் இருந்தால் சைட்டிலும் செங்கல், இதில் என்ன கேள்வி என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் பான்பராக்கைக் கிழித்தார். அந்த மனிதரைத் திட்டிப் பயனில்லை. இதற்கு முன் யோசித்துக் கட்டிய ஒரு சுவரை மையம் இடிக்க வைத்திருக்கிறது. அதிலிருந்து அவர் யோசிப்பதில்லை.

மாரிசெல்வி செம்பூருக்கு ஓடினாள். அங்கீகாரம் ஆன உருப்படியைத் திருத்த வழியில்லை, புதிதாக விண்ணப்பித்து முதல் விசாரணையிலிருந்து வரலாம் என்றாள் சாதனா. அவள் பதிலில் கோபமோ இரக்கமோ இல்லை.

“கட்டத்துல நம்பரை மாத்தலாமா மேடம்?”

“நம்பர் எப்ப வேணும்னாலும் மாத்தலாம். அதுக்குத்தானே ஃப்ளெக்ஸிபிள்.”

ஆபீசுக்கு வந்து மாரிசெல்வி மாடலைத் திறந்தாள். ஆள் நிற்கும் இடத்தின் அகலம் என்ற கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டாள். பூஜ்யமானால் மறைய வேண்டும் என்று மையமே கேட்டு வாங்கியிருந்ததால், செங்கல் பெட்டி மறு பேச்சில்லாமல் மறைந்தது. பம்பு மட்டும் நின்றது. காண்ட்ராக்டரிடம் மாடலைக் காட்டினாள். மாடலில் செங்கல் இல்லை. அவர் சம்மட்டியை எடுத்து வரச் சொன்னார்.

இடித்தபிறகு பம்பின்மேல் படிந்த சிமெண்டுத் தூசியை நயினார் தன் துண்டால் துடைத்தார். சாதனா ஒருமுறை வந்து ஒத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் ஓட்டலாம். அதுவரை சுவிட்சில் அரக்கு சீல்.

சாதனா வந்தாள். கையில் ஒரு டேப்லெட். அதன் கேமராவைச் சைட்டின் பக்கம் திருப்பினால், மாடலோடு பொருந்துவது பச்சையாகவும் பொருந்தாதது சிவப்பாகவும் தெரியும். குழாய் பச்சை, பம்பு பச்சை. மாரிசெல்வி மூச்சை விட்டாள். சீலை எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே நயினார் பம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திரை சிவந்தது.

“யே கோன் ஹை?”

“பம்ப் ஆபரேட்டர் மேடம்.”

“மாடல்ல இவர் இல்லையே. இங்க ஆள் நிக்கிற இடமும் ஜீரோன்னு இருக்கு. ஜீரோவுல எப்படி நிக்கறார்?”

“நான் நிக்காம சுவிட்ச யாரு போடுவா?” என்றார் நயினார்.

“அது வேற டிபார்ட்மென்ட்” என்று சொல்லிவிட்டுச் சாதனா அறிக்கை எழுதினாள். ஒன்று, ஆபரேட்டர் அறைக்குள் வரக் கூடாது. இல்லையென்றால், அவரையும் நெகிழ் உருப்படியாகச் செய்து மையத்தின் அங்கீகாரம் பெற வேண்டும்.

அன்று ராத்திரி சண்முகவடிவு சுவரைப் பிடித்து நடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாரிசெல்வி அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் கீழே இறங்கினாள். திரும்பக் கேனோடு ஏறும்போது மனம் முழுக்க வசவாக இருந்தது. இரண்டு மாடி வரைக்கும் வானமாமலையை வைதாள், அடுத்த இரண்டுக்குச் சாதனாவை, அதற்கு மேல் தன்னையே. ஏழாவது மாடி வந்தபோது வசவு தீர்ந்து, மையத்தின் வாசல் கல்லில் இருந்த முதல் விதி மட்டும் மிச்சம் இருந்தது. அதை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

நாலாவது விசாரணைக்கு அவள் ஒரு மனித உருவத்தோடு போனாள். பம்பின் இடது பக்கம், சுவிட்சில் கைவைத்து நின்றது. முகம் மட்டும் மழுமழுவென்று காலியாக இருந்தது.

“மூஞ்சி எங்கேம்மா?” என்றார் வானமாமலை.

“அதத்தான் கேக்கணும் சார். நம்ம மையத்தோட மொத ஆள் உருப்படி இது. இனிமே மும்பைல எந்தக் கட்டடத்துல ஆள் வேணும்னாலும் இதத்தான் எடுத்துப் போடுவாங்க. நயினார் அண்ணாச்சி மூஞ்சிய வைக்கலாம். ஆனா மையத்துக்குப் பொருத்தமா இருக்குமான்னு எனக்கு பயமா இருக்கு.”

சாதனா டைரக்டரைப் பார்த்தாள். டைரக்டர் சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தார்.

“எனக்கு இதிலெல்லாம் ஆசையே கிடையாது” என்றார். “ஆனா ஸ்தாபனம்னு ஒண்ணு இருக்கே. எவனோ ஒருத்தன் மூஞ்சி எல்லாக் கட்டடத்துலேயும் நிக்கறதைவிட... சரி, போடுங்கோ. மூக்குக்கண்ணாடியோட போடுங்கோ.”

உயரம், எடை, சட்டையின் நிறம், அடையாள அட்டையின் எண் எல்லாம் அவரே சொன்னார். தொப்பையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். எண்ணை மாற்றினால் குறையும் என்று மாரிசெல்வி குறைத்துக் காட்டினாள். சோதனை தொடங்கியது. சாதனா உயரத்தை ஏற்றினாள், டைரக்டர் பனைமரம்போல் வளர்ந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு வழக்கப்படி பூஜ்யம் போட்டாள். டைரக்டர் மறைந்தார். சிவப்பு வரி எதுவும் வரவில்லை. அவரைப் பூஜ்யமாக்குவதில் கம்ப்யூட்டருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. மையத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஓர் உருப்படி ஒரே அமர்வில் அங்கீகாரம் பெற்றது.

மறுநாள் காலையில் சாதனா டேப்லெட்டோடு ஆனந்த் சரோவருக்கு வந்தாள். குழாய் பச்சை. பம்பு பச்சை. பம்பின் இடது பக்கம், ஆள் உயரத்துக்குச் சிவப்பு.

“சார் இல்லையே” என்றாள்.

நயினார் போய் அந்த இடத்தில் நின்றார். இன்னும் சிவந்தது. முகம் பொருந்தவில்லை.

“மாடல்ல இருக்கிறது சைட்ல இருக்கணும்லா மேடம்?” என்றாள் மாரிசெல்வி. “ரூல் வாசல்லயே எழுதியிருக்கு.”

சாதனா டைரக்டருக்குப் போன் செய்தாள். மாடலிலிருந்து ஆளை நீக்கலாம், பூஜ்யம் போட்டும் மறைக்கலாம், ஆனால் ஆள் விஷயத்தில் எதற்கும் டைரக்டர் தன் உருப்படி தகுதியற்றது என்று தானே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று விளக்கினாள். அந்தப் பக்கம் வண்டி கிளம்பிய ஓசை கேட்டது.

வானமாமலை வந்து இறங்கினார். பம்பு அறையில் கணுக்கால் அளவு அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. பேண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய், மாரிசெல்வி காட்டிய இடத்தில் நின்று, சுவிட்சில் கையை வைத்தார். திரை முழுவதும் பச்சை. சாதனா சான்றிதழில் கையெழுத்துப் போட்டுச் சீலை உடைத்தாள். கேமராவில் படாமல் டைரக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் விரல்மேல் தன் விரலை வைத்து நயினார் அழுத்தினார். பம்பு ஒருமுறை செருமி, உறுமி, சீராக ஓடத் தொடங்கியது.

இவ்வளவு கிட்டத்தில் ஒரு பம்பை வானமாமலை அன்றுதான் பார்த்தார். அது அவர் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, நினைத்ததைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. பார்த்தாகிவிட்டது என்று அவர் காலை எடுத்தார். டேப்லெட் அலறியது. பொருந்தாமை தெரிந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது இரண்டாவது விதி. சாதனா பழக்கத்தில் சுவிட்சை நோக்கிப் போனாள்.

“சார், அப்படியே நில்லுங்க” என்றார் நயினார். “மேல தண்ணி ஏறுது.”

“எவ்வளவு நாழி?”

“தொட்டி ரொம்புற வரைக்கும் சார்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு விடியக்காலமே வந்துருங்க சார். ஏழு மாடிக்கும் குளிக்கணும்லா.”

வானமாமலை சாதனாவைப் பார்த்தார். சாதனா டேப்லெட்டைப் பார்த்தாள். அவர் காலை மறுபடி அழுக்குத் தண்ணீரில் வைத்தார், திரை பச்சையாயிற்று.

மாரிசெல்வி லிஃப்டில் மேலே போனாள், கையில் ஒன்றும் இல்லாமல். சமையலறைக் குழாயைத் திறந்தாள். அது கொஞ்ச நேரம் காற்றாக இரைந்தது, செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்து விழ ஆரம்பித்தது. அவள் அதன் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, நல் கொழாயத் தொறந்தியா? சத்தம் கேக்கு” என்றாள் சண்முகவடிவு கட்டிலிலிருந்து.

“பம்பு சாலு ஆயிட்டும்மா. ஓடுது.”

“நயினார் அண்ணாச்சியா போட்டாவ?”

“இல்லம்மா. புது ஆளு போட்டிருக்காவ. பெரிய ஆபீஸர். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடுதாரு.”

சண்முகவடிவு கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் வீங்கிய காலை மெல்லக் கட்டிலை விட்டு இறக்கி வைத்தாள்.

“அப்ப இருக்க பால்டி, குடம், சட்டி எல்லாத்துலயும் இப்பவே ரொப்பிருட்டி. ஆபீஸர்மாரு ரொம்ப நேரம் நிக்க மாட்டாவ.”